ஆதரவு: ஒன்று

பியெத்ராமாராவின் நகரசபையைக்
கலைத்துவிட்டார்கள் என்று தெரிந்த மறுநாள்
பதினொரு நாற்காலிகளை நான்தான்
சுவரோரம் நகர்த்தினேன்.
பன்னிரண்டாவதை விட்டுவைத்தேன்.
அதற்கு ஒருவர் வருவதாகச் சொன்னார்கள்,
ரோமிலிருந்து கடிதம், த்ரியெஸ்தேயிலிருந்து ஆள்.

வந்தவர் பெயர் ஓர்னெல்லா பிராந்தொலின்.
கட்டுமானப் பொறியாளர், கணக்கும் தெரிந்தவர்.
இந்தக் கலாப்ரியாவில் அவருக்கு
ஒன்றுவிட்ட சித்தப்பாகூடக் கிடையாது.
அதுதான் தகுதி என்றார் அஞ்சல்காரர்.
அதுதான் குறை என்றாள் அவர் மனைவி.

சபையின் அதிகாரம் முழுதும் அவர் ஒருவருக்கே.
ஆகவே செவ்வாய்தோறும் ஆறு மணிக்கு
சபை கூடியது, அதாவது அவர் வந்து அமர்ந்தார்.
தீர்மானத்தை முன்மொழிந்தார்.
கண்ணாடியைத் துடைத்தார்.
நிறைவேற்றினார்.
பதிவேட்டில் நான் எழுதினேன்:
ஆதரவு ஒன்று. எதிர்ப்பு இல்லை.

சிரிப்பு வரும். ஆனால் சம்பளம்
ஒன்றாம் தேதியே வந்தது,
ஒன்பது ஆண்டில் முதல் முறை.
தண்ணீர் வரி கட்டாதவர் பட்டியலில்
மேயர் சவேரியோவின் மூன்று வீடுகளும்
வரிசை பிசகாமல் நின்றன.
நன்றி மட்டும் யாரும் சொல்லவில்லை.
சட்டை கச்சிதமாகத்தான் இருந்தது.
எங்களை யாரும் அளவெடுக்கவில்லை.

மேயரின் இழுப்பறையில்
பாலத்தைப் பற்றிய அறிக்கை கிடந்தது,
ஆறு வருடமாக, கல்யாணப் பத்திரிகைகளுக்கு அடியில்.
நின்றுகொண்டே படித்தார்.
அன்று செவ்வாய்கூட இல்லை, வியாழன்.
பொழுது சாய்வதற்குள் பாலத்தின் இரு முனையிலும்
கான்கிரீட் கட்டைகள்.

பத்தொன்பது கிலோமீட்டர் சுற்று.
பெர்கமோட் பழ லாரிகள் சுற்றின.
பள்ளிப் பேருந்து சுற்றியது.
பிப்ரவரியில் காஸ்மோ லாகானாவை ஏற்றிய ஆம்புலன்சும்
சுற்றியது. பதினான்காவது கிலோமீட்டரில்
சைரனை நிறுத்திவிட்டார்கள்.

அடக்கத்துக்கு அவர் வந்தார்,
கடைசி வரிசையில்,
யாரும் பக்கத்தில் அமராத பெஞ்சில்.
காஸ்மோவின் மகள் ஃபிலோமேனா நேரே போய்க் கேட்டாள்:
"நீங்கள் கணக்குப் போட்டபோது
அப்பா எந்த வரியில் இருந்தார்?"
"ஆம்புலன்சின் தாமதத்தைச் சேர்த்துத்தான் போட்டேன்"
என்றார் அவர், மெதுவாக.
பொய் சொல்லியிருக்கலாம்.
நான் கேட்டதிலேயே நேர்மையான பதில் அது,
மன்னிக்க முடியாததும் அதுதான்.

நவம்பரில் மலையே ஆற்றில் இறங்கியது.
காலை ஏழு ஐம்பதுக்கு நடுத்தூண்
மண்டியிட்டது. சத்தம்கூடப் பெரிதில்லை.
ஏழு ஐம்பது, முன்பெல்லாம்
பள்ளிப் பேருந்து பாலத்தில் ஏறும் நேரம்.
பேருந்து அப்போது சுற்றுவழியில் இருந்தது,
பிள்ளைகள் பாதி உறக்கத்தில்.

சாகாத பிள்ளைகளின் பெயரை
எந்தக் கல்லில் வெட்டுவது?
காஸ்மோவுக்குக் கல் இருக்கிறது.
அந்தப் பேருந்தில் ஃபிலோமேனாவின் மகனும் இருந்தான்.
ஆனாலும் கடைசிவரை அவள்
அந்த அம்மாளுக்கு வணக்கம் சொல்லவில்லை.
"செய்தது சரிதான்" என்றாள் என்னிடம்,
நெத்திலியைப் பொட்டலம் கட்டியபடி.
"எங்கள் உயிரை எடைபோடுகிறபோது
தராசுப் பக்கம் எங்களையும்
கூப்பிட்டிருக்கலாம்."

வசந்தத்தில் தேர்தல்.
நாற்காலிகளைத் திருப்பி வைத்தேன்,
ஒன்றுக்குக் கால் ஆடியது, அட்டை மடித்துச் சொருகினேன்.
சவேரியோவின் அக்காள் மகன் மேயரானான்.
முதல் கூட்டத்தில் புதுப் பாலம்,
ஒப்பந்தக்காரர் யாரென்று எல்லோருக்கும் தெரியும்.
அரங்கம் நிரம்பியிருந்தது, யாரோ கேக் கொண்டுவந்திருந்தார்கள்.
பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்கி
"எத்தனை டன் தாங்கும்?" என்று கேட்டேன்.
எனக்கே என் குரல் புதிது.
"எழுத்தருக்குப் பேச உரிமையில்லை" என்றான்,
அன்பாகத்தான், பக்கத்து வீட்டுப் பையன்.
பன்னிரண்டு கைகளும் உயர்ந்தன.

எழுதினேன்:
ஆதரவு பன்னிரண்டு. எதிர்ப்பு இல்லை.
மை காயக் காத்திருந்தேன்.
அந்த அம்மாள் இருந்திருந்தால்
எண்ணைக் கேட்டிருப்பார்.
இருந்தபோது
என்னைக் கேட்டதில்லை.